ஐரோப்பா அண்ணாச்சி

எங்கள் ஊரில் யாராவது வெளிநாடு போனால் ப்ளெக்ஸ் வைப்பார்கள். சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் டிவி பார்த்துவிட்டு வந்தவருக்கும் உண்டு. படத்தில் இருப்பவர் கோட்டு சூட்டில் நிற்பார். தலை மட்டும்தான் அவருடையது, உடம்பு கம்ப்யூட்டரில் ஒட்டியது. கீழே வாழ்த்துபவர்களின் முகங்கள் வரிசையாக இருக்கும். இந்தக் கூத்தைப் பார்த்து நான் நிறையச் சிரித்திருக்கிறேன். என் முறை வந்தபோது கோட்டின் நிறத்தை நானே தேர்ந்தெடுத்தேன்.

தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்வது என் தொழில். ஐரோப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே குளிரும் என்பதுதான். பிள்ளைகள் வேலைக்குப் போய் வீடு காலியானதும், எங்காவது போய்வருவோம் என்று பேச்சை எடுத்தவள் என் மனைவி. பசுவந்தனைக்காரி. அவளுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. விளாத்திகுளத்தில் ஒரு கல்யாணம் என்றாலும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடிதான் வருவாள். ரயிலில் ஏற்றிவிட்டால் ஆளே வேறு. டூர் நடத்துகிறவர் ஒருவர், பஸ்ஸில் ஏற்றி நாடு நாடாகக் காட்டுகிறேன் என்றார். அதெல்லாம் ஆகாது என்று சொல்லிவிட்டு, முழுக்க முழுக்க ரயிலிலேயே போகிற மாதிரி ஒரு பயணத்தைத் தானே திட்டமிட உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாள் என்றால் மாதக்கணக்கில். மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிப்போட்டதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனும் கையுமாக இருப்பாள். பாரிஸில் இறங்க வேண்டியது, பிறகு சூரிச், அங்கிருந்து மலை கடந்து மிலன், வெனிஸ், கடைசியில் வியன்னா. எல்லா நாட்டுக்கும் சேர்த்து ஒரே பாஸ் கிடைக்கும் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். பாஸ் இருந்தாலும் பிரான்சிலும் இத்தாலியிலும் வேகமான ரயிலுக்கு இருக்கையைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டுமாம். பாரிஸில் ஒரு ஸ்டேஷன் இல்லை, பல ஸ்டேஷன்கள், மாறிப் போய் நின்றால் ரயில் போய்விடுமாம். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் ‘ம்’ கொட்டிக்கொண்டிருப்பேன்.

“மலைப் பக்கம் போகும்போது எந்தப் பக்கம் உக்காந்தா ஏரி தெரியும்னு பாத்துட்டேன்,” என்றாள் ஒரு நாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “ஜன்னல் சீட்டு ஒண்ணுதான் கெடைக்கும் போல. மாத்தி மாத்தி உக்காந்துக்கிடுவோம், என்ன?”

“ம்,” என்றேன்.

அந்த ‘ம்’களை மூலதனமாக வைத்துத்தான் மார்க்கெட்டில் நான் கடை விரித்தேன். டீ குடிக்கிற இடத்தில் ஒருவர், எந்த டூரில் போகிறீர்கள் என்று கேட்டார். “டூர் என்ன டூரு, நானே பிளான் போட்டுட்டேன் அண்ணாச்சி,” என்றேன். முதல் தடவை வாய் தவறி வந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களா, அடுத்த தடவை வாய் தவறவில்லை, வேண்டுமென்றே சொன்னேன். பாஸ், பதிவு, பாரிஸின் ஸ்டேஷன்கள் என்று அவள் சொன்னதையெல்லாம் என் சரக்காக அவிழ்த்துவிட்டேன். கொஞ்ச நாளில் எனக்கு ஐரோப்பா அண்ணாச்சி என்று பெயரே விழுந்துவிட்டது.

வியாபாரிகள் சங்கத்தில் ப்ளெக்ஸ் வைப்பதென்று முடிவானது. ப்ளெக்ஸ் அடிக்கிற கடைக்காரர், “அக்கா படமும் போட்டுருவமா?” என்று கேட்டார்.

“பொம்பள படத்த ரோட்டுல வச்சு எதுக்கு? என் படம் போதும்,” என்றேன்.

அவளுடைய மரியாதையைக் காப்பாற்றுகிற ஆள் மாதிரி சொன்னேன். இரண்டு முகம் போட்டால் என் முகம் சின்னதாகிவிடும் என்பதுதான் உள்ளே ஓடியது. இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

ப்ளெக்ஸ் மார்க்கெட் முக்கில் ஏறியது. ‘தாமே திட்டமிட்டு ஐரோப்பாவை ரயிலில் வலம்வரவிருக்கும் எங்கள் அண்ணாச்சியே!’ நீலக் கோட்டில் நான், பின்னால் ஈபிள் டவர், பக்கத்தில் ஒரு ரயில். காய்கறி வாங்கப் போனவள் பார்த்துவிட்டு வந்தாள். பையை இறக்கி வைத்தாள்.

“ஏங்க, பக்கத்துல நிக்கது ஜப்பான் ரயிலு,” என்றாள். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

அன்று மத்தியானம் அவள் போனை எடுக்கவில்லை. மறுநாளும் இல்லை. விசாவுக்குச் சென்னை போக வேண்டிய நாள் நெருங்குகிறது, மலை ரயிலுக்குப் பதிவு போடவில்லை. பயணமே கைவிட்டுப் போய்விடுமோ என்று பயம் வந்து, என்ன ஆச்சு என்று கேட்டேன்.

“நீங்கதான பிளான் போட்டீங்க? போடுங்க,” என்றாள்.

போனை வாங்கி உட்கார்ந்து பார்த்தேன். மிலன் மலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றே எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் சங்கத்தில் பாராட்டுக் கூட்டம். வராவிட்டால் நாலு பேர் கேட்பார்கள் என்று அவளும் வந்து பெண்கள் வரிசையில் உட்கார்ந்தாள். பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் மைக்கை என் கையில் கொடுத்து, “எந்த வழியா போறீங்கன்னு சொல்லுங்க அண்ணாச்சி. நாளைக்கு நாங்களும் போவோம்லா,” என்றார்.

“பாரிஸ்,” என்றேன். அடுத்து வியன்னாவா, வெனிஸா? அவளைப் பார்த்தேன். அவள் சொல்லித்தரவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உள்ளதச் சொல்லிருதேன். இதுல எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் என் வீட்டுக்காரி போட்ட பிளானு. ப்ளெக்ஸ்ல இருக்கது பொய்,” என்றேன்.

தலைவர் கை தட்டினார், மண்டபமே தட்டியது. மைக்கை வாங்கிக்கொண்டு, “பாத்தியளா, இதுதான் பெரிய மனுசன் குணம்! தான் செஞ்சத வீட்டம்மா செஞ்சதாச் சொல்லுத மனசு யாருக்கு வரும்?” என்று சொல்லி இன்னொரு பொன்னாடையைக் கொண்டுவரச் சொன்னார்.

“இல்ல அண்ணாச்சி, நெசமாவே...” என்று இழுத்தேன். மைக்கைப் பிடுங்கிச் சொல்லியிருக்கலாம். அவளை மேடைக்குக் கூப்பிட்டிருக்கலாம். செய்யவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கைதட்டல் காதுக்கு இதமாக இருந்தது. குனிந்து இரண்டாவது பொன்னாடையையும் வாங்கிக்கொண்டேன்.

ஆட்டோவில் வரும்போது இரண்டையும் மடியில் வைத்திருந்தேன். எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“உண்மையத்தான சொன்னேன்,” என்றேன்.

“ஆமா, கேட்டேன்,” என்றாள் ரோட்டைப் பார்த்தபடி. “அதுக்கும் உங்களுக்குத்தான கைதட்டுனாவ.”

மறுநாள் மத்தியானம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தாள். எனக்கு மூச்சு வந்தது. நல்ல பிள்ளையாகப் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நெடுநேரம் கழித்து நிமிர்ந்தாள்.

“எல்லாம் போட்டாச்சு. சூரிச்சுலருந்து மிலனுக்கு மட்டும் நான் முந்துன ரயில்ல போறேன். உங்களுக்கு அடுத்த ரயிலு.”

“ஒண்ணாப் போகத்தான இவ்வளவும்? ஜன்னல் சீட்டுல மாத்தி மாத்தி உக்காருவோம்னியே?”

“அந்த மலைய நான் மட்டும் பாத்துக்கிடுதேன்,” என்றாள். “கூட வந்தா, நான் பாத்ததயும் நீங்க பாத்ததா ஊருல வந்து சொல்லுவீங்க.”