நாற்காலியிலிருந்து பார்த்தவர்

அன்னவாசல் பஸ் திருக்கோகர்ணத்தில் நின்று நான் இறங்கியபோது, நானும் முத்துக்கருப்பண்ணனும் வேலை பார்த்த கடையின் ஷட்டர் மூடியிருந்தது. எதிரே ஆட்டோவில் சாய்ந்து நின்றவர் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். "இன்னைக்குக் கடை இல்லம்மா. முத்துக்கருப்பண்ணன் போயிட்டாரு. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னு தூக்கிட்டுப் போனாங்க, ஆஸ்பத்திரி போற வழியிலயே..." என்றார். நான் "சரிங்க" என்றேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கடையில் நடந்த இரங்கல் கூட்டத்திலும் நான் பேசவில்லை. முதலாளி என் பெயரைச் சொல்லி அழைத்தார், மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை, அவரை அறிந்த உங்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் வேலை உங்களில் பலருக்குத் தெரியும். வீட்டில் பெரிய டிவிக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டரை வைத்து, ஸ்பீக்கர்களை மாட்டி, ஹாலையே தியேட்டர் போல ஆக்கித் தருவோம். எல்லாம் முடிந்ததும் அந்த வீட்டு அக்கா பீரோவிலிருந்து கல்யாண டிவிடியை எடுத்து வருவார். பழைய சின்ன டிவியில் நன்றாக இருந்த படம் பெரிய திரையில் பொல்லாததாகத் தெரியும். முகங்கள் அகன்றுவிடும். அசைகிற இடமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடுகள் விழும். நிழலான இடங்களில் புள்ளி புள்ளியாகத் தூசு பறக்கும். எங்கள் உண்மையான வேலை அங்கேதான் தொடங்கும்.

அண்ணன் எட்டாவதோடு நின்றவர். படத்தைத் திருத்தும் மென்பொருளில் வரும் ஆங்கிலப் பெயர்களை அவருக்குப் படிக்க வராது. எனக்குப் படிக்க வரும். எதை எவ்வளவு வைப்பது என்று தெரியாது. நான் சேர்ந்த முதல் வாரமே, "நீ படி, நான் பாக்குறேன்" என்றார். ஐந்து வருடமும் அப்படித்தான் வேலை பார்த்தோம். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அங்கே மூன்று வருடத்தில் ஒருநாளும் எழுந்து நின்று வாசித்ததில்லை. அவருக்காகத்தான் முதன்முதலில் வாய்விட்டு வாசித்தேன். அவர் அந்த வீட்டார் வழக்கமாக உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்து, "கூட்டு... ஒரு பொட்டு கொறை... அம்புட்டுத்தான்" என்பார்.

"கிட்ட வந்து பாத்தா நல்லாத் தெரியுமேண்ணே" என்று ஒருமுறை சொன்னேன்.

"அவங்க என்ன டிவில மூக்க ஒட்டிக்கிட்டா பாக்கப் போறாங்க? ஒக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டுப் பாப்பாங்க. அங்கிட்டு இருந்துதான் பாக்கணும்."

படத்தின் அகலம் சரியா என்று பார்க்க அவர் முகங்களை நம்பமாட்டார். மணமேடையில் இருக்கும் சொம்பைத் தேடுவார். "மூஞ்சி ஆளுக்கு ஒரு தினுசு. சொம்பு எந்த ஊர்லயும் உருண்டைதான்." கோடுகள் போயினவா என்று பார்க்கத் தவில்காரரின் கை. அந்த வேகத்தில் கோடு விழாவிட்டால் வேறெங்கும் விழாது. ஒரு வீட்டில், அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளையாயிருந்தவரே கேலி செய்தார்: "என்னண்ணே, பொண்ண விட்டுட்டுத் தவிலயே பாக்குறீங்க?"

"பொண்ணப் பாக்க நீங்க இருக்கீங்க. தவில்காரர யாரு பாக்குறது?"

அறந்தாங்கியில் நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். கணவர் வளைகுடாவில் இருந்த ஒரு அக்கா வீடு. கல்யாண டிவிடியில் இறந்துபோன தன் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தார். அண்ணன் ஒயர் இழுக்க மாடிக்குப் போயிருந்தார். படித்த பிள்ளை என்று அந்த அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குத் திறமையைக் காட்டும் ஆசை வந்தது. திரைக்கு முன்னால் நின்றபடி, தூசைக் குறைக்கும் அளவைக் கடைசிவரை ஏற்றினேன். புள்ளிகள் எல்லாம் மறைந்தன. படம் கண்ணாடி போல இருந்தது. அட்சதை போடும் இடத்தில் காற்றில் பறந்த அரிசியும் சேர்ந்து மறைந்ததை நான் கவனிக்கவில்லை.

அந்த அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "எங்கப்பாவுக்கு மூஞ்சியெல்லாம் அம்மைத் தழும்பு இருக்கும்மா. இவரு யாரோ மாதிரி இருக்காரு."

மாடியிலிருந்து இறங்கி வந்த அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. "நான் பாக்காம விட்டுட்டேன் தாயி, ஒரு நிமிசம்" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு பெயராகப் படித்தேன். தூசு திரும்பி வந்தது, அரிசி வந்தது, தழும்பும் வந்தது. அந்த அக்கா எழுந்து போய்த் திரையில் அப்பாவின் கன்னத்தைத் தொட்டார். திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் ஒன்றுதான் சொன்னார்: "இல்லாதத நம்ம கொண்டார முடியாது. இருக்கறத அழிக்காம இருந்தாப் போதும்."

அவருக்கு வைத்த கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முகத்தை வெளுத்து, யாருடைய கோட்-சூட்டையோ மாட்டி, இடது புருவத்தில் சின்ன வயதிலிருந்தே இருந்த வெட்டுத் தழும்பையும் நிரப்பியிருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் மதினி கடைக்கு வந்தார். அண்ணனின் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். மடியில் ஒரு டிவிடி. "எங்க கல்யாணத்துது. போட்டுக் குடுங்கன்னு எத்தனையோ தடவ கேட்டேன். ஊரார் கல்யாணத்துக்குத்தான் அவருக்கு நேரம் இருந்துச்சு" என்றார். பிறகு, "கண்ண மூடுனா அந்த பிளெக்ஸ்ல இருக்க மூஞ்சிதான் வருது. அவரு மூஞ்சி வரமாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார்.

கடையில் அவருடைய நாற்காலியில் அன்றுவரை யாரும் உட்காரவில்லை. மதினியை அதில் உட்காரச் சொன்னேன். "நான் படிக்கிறேன் மதினி. நீங்க பாத்துச் சொல்லுங்க."

முதலில் சொம்பை உருண்டையாக்கினேன். பிறகு தவில்காரரின் கை. தூசைக் குறைக்கும் அளவைப் படித்து, ஒரு பொட்டுதான் ஏற்றினேன். "வேணாம்மா, வேணாம். முன்ன இருந்தாப்புலயே வையி. புருவம் மூடிப்போச்சு" என்றார். இறக்கினேன். புள்ளிகளுக்கு நடுவே அந்த வெட்டு திறந்தது. கெட்டிமேளம் முழங்க அண்ணன் தாலி கட்டி முடித்தார். நிமிர்ந்தவர் மணப்பெண்ணைப் பார்க்கவில்லை. மேடைக்கு அந்தப் பக்கம் திரும்பினார்.

"பாரு, அன்னைக்கே தவிலத்தான் பாக்குறாரு" என்று மதினி சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இவருதான். வந்துட்டாரு" என்றார்.

அவருடைய பொருள் எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. நாற்காலியை மட்டும் நகர்த்தவேண்டாம் என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டேன். அவரிடம் நானாகப் போய்க் கேட்டது அதுதான் முதல் தடவை. இப்போது தனியாக வேலை செய்யும்போதும் ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படிக்கிறேன். படித்துவிட்டு, ஒருவர் பதில் சொல்லும் அளவுக்கு நேரம் விடுகிறேன். அதன் பிறகுதான் எதையும் மாற்றுகிறேன்.