சித்திரையில் எடுத்த ரிப்போர்ட்

என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். தென்காசி வீட்டில் நான் மட்டும்தான். எனக்குப் பல வருடமாக ஆஸ்துமா. ஒரு சித்திரை வெயிலில் ரத்தம் பரிசோதித்தபோது, அலர்ஜியைக் காட்டும் ஈசினோபில் அளவு சரியாக இருந்தது. ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். "இனி ஒனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அந்தச் சந்தோஷத்தில், தினமும் இழுக்கும் இன்ஹேலரை யாரிடமும் கேட்காமல் நிறுத்திவிட்டேன்.

ஆனியில் சாரல் தொடங்கியது. ஊரெல்லாம் ஐந்தருவிக்குக் குளிக்கப் போக, நான் துணி காயாத வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். ஒரு மதியம் மூச்சு இழுத்தது. தேடி எடுத்த இன்ஹேலரில் மருந்து இல்லை. அந்த நேரம் பார்த்து அவர் போன் வந்தது. எடுத்தேன். பேச்சு வரவில்லை.

"ஹலோ, ஹலோ... டவர் கெடைக்கல போலுக்கு. சாயங்காலம் கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டார்.

ஜன்னலைத் திறந்து எவர்சில்வர் தட்டால் கம்பியில் அடித்தேன். பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா ஓடி வந்து ஆட்டோ பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் மூச்சு சீரானதும், போனில் இருந்த அந்த ரிப்போர்ட்டைக் காட்டினேன். "இது வெயில் காலத்துல எடுத்ததும்மா. சாரல்ல ஏறும்லா" என்றார் டாக்டர். அன்று பார்த்ததில் ஏறித்தான் இருந்தது.

இப்போது டாக்டர் சொல்லாமல் மருந்தை நிறுத்துவதில்லை. சாரலிலும் ஒருமுறை ரத்தம் பரிசோதித்துக்கொள்கிறேன். போனில் நான் பேசாவிட்டால், என் கணவர் உடனே மல்லிகா அக்காவைக் கூப்பிடுவார். சில நாள் பேச எதுவும் இல்லாமல்தான் சும்மா இருப்பேன். அப்போதும் அக்கா வந்து கதவைத் தட்டுகிறார். மூச்சு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்வதற்கு முன், அவரை உட்காரச் சொல்லிவிடுகிறேன்.