யாரும் சாகாத படங்கள்

அக்காவுக்கு ஏழாம் மாதம். முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனதால், இந்த முறை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் புதுச்சேரியில் ஒரு பள்ளியில் பிரெஞ்சு சொல்லித்தருகிறேன். கோடை விடுமுறைக்குச் செஞ்சி வந்த என்னிடம் அவள் கேட்டது ஒன்றுதான்.

"சீரியல் பாத்தா டென்ஷன் ஆவுதுடி. உன் பிரெஞ்சுப் படம் எதனா போடு. யாரும் சாவக் கூடாது, யாரும் கத்தக் கூடாது."

அப்படிப்பட்ட படங்கள் பிரெஞ்சில் நிறைய உண்டு. மலைக்கிராமத்துப் பள்ளி ஒன்றில் ஒரு பனிக்காலம் முழுக்க நடக்கும் கதை. ரொட்டிக்கடை வைத்திருக்கும் வயதான தம்பதி ஒரு பழமரத்துக்காகச் சண்டை போட்டு, பிறகு சேர்ந்துகொள்ளும் கதை. பெரிதாக எதுவும் நடக்காது. யாராவது சூப் காய்ச்சுவார்கள், ஜன்னலைத் திறப்பார்கள், மழை பெய்யும். வெளியே கோட்டை மலையின் பாறைகள் அனலைக் கக்கிக்கொண்டிருக்க, நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி தமிழில் சொல்வேன்.

எந்தப் படத்தையும் நான் முதலில் பார்த்துவிட்டுத்தான் அவளுக்குப் போடுவேன். அப்படியும் ஒரு காட்சி என் நினைவிலிருந்து தப்பிவிட்டது. அதில் ஒரு பெண் பரணிலிருந்து காலித் தொட்டில் ஒன்றை இறக்கித் துடைப்பாள். அவசரமாக ரிமோட்டை அழுத்தினேன்.

"இன்னாத்துக்குத் தள்ளுன?"

"போர் அடிக்குதுக்கா."

  அதன்பிறகு திரையில் ஒரு கதவு திறந்தாலே எனக்குத் திக்கென்றது.

ஓர் அமாவாசை அன்று மத்தியானம் அந்தப் பள்ளிக்கூடப் படத்தை மறுபடியும் கேட்டாள். பிள்ளைகள் பனியில் ஓடுகிற இடத்தில் கரண்ட் போய்விட்டது. மின்விசிறி மெல்ல நின்றது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அக்கா வயிற்றின் மேல் கையை வைத்தாள். பிறகு இன்னொரு கையையும் வைத்தாள்.

"பாப்பா அசையலடி."

"எப்பலருந்து?"

"தெரில. படம் பாத்துக்கினு இருந்தேனா, கவனிக்கல."

இடது பக்கமாகப் படுக்க வைத்தேன். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். இருவரும் காத்திருந்தோம். ஒன்றும் இல்லை. நெல் மண்டியில் இருந்த அக்காவின் கணவருக்குப் போன் செய்ததும், மாமா தெரிந்தவர் ஒருவரின் காரை வாங்கிக்கொண்டு வந்தார்.

விழுப்புரம் போகும் சாலையில் எதிரே அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் சிறப்புப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கூட்டுரோடு ஒன்றில் வண்டி நகரவே இல்லை. மாமா ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்சீட்டில் அக்கா என் மடியில் தலை வைத்திருந்தாள்.

"ஏதாச்சும் பேசுடி."

அவள் கையின் மேல் என் கையை வைத்து, வயிற்றில் அசைவைத் தேடினேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வயிற்றின் மேல் கருவியை இங்கும் அங்கும் நகர்த்தித் தேடினார். ரொம்ப நேரம் கரகர என்ற சத்தம் மட்டும் வந்தது. அதன் அடியில் எங்கோ, மெலிதாக, ஒரு துடிப்பு. "இருக்குது, ஆனா கொறையுது" என்று சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார். உடனே ஆபரேஷன் செய்தார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருந்த பெண் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பிழைக்கும் என்று பல வாரங்கள் யாரும் சொல்லவில்லை.

பிழைத்தாள். இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். இதமான பிரெஞ்சுப் படம் ஏதாவது சொல்லச் சொல்லி என்னுடன் வேலை பார்ப்பவர்கள் கேட்டால், அதே படங்களைத்தான் சொல்கிறேன். நல்ல படங்கள்தான்.

போன வாரம் குழந்தை தூங்கும்போது அக்காவே ஒன்றைப் போடச் சொன்னாள். ரொட்டிக்கடைப் படத்தைப் போட்டு, வழக்கம்போல் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. குழந்தையின் மார்பருகே குனிந்திருந்தாள்.

"சவுண்ட கொறடி. நீயும் பேசாத" என்றாள். "அவ மூச்சு கேக்கல."