சீதன வீட்டுக்கு ஒரு கையெழுத்து

என் சீதன வீட்டை விற்க என் கணவரின் கையெழுத்து வேண்டும். நாங்கள் பிரிந்து ஒன்பது வருடமாகிறது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அந்த வீட்டை என் அப்பா எனக்குத்தான் எழுதினார். காணி உறுதிப் பத்திரத்தில் என் பெயர் மட்டும்தான். இருந்தும் எங்கள் தேசவழமைச் சட்டப்படி, கல்யாணமான பெண் தன் காணியை விற்பதென்றால் புருஷன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். விவாகரத்து எடுக்காமல் விட்டது என் பிழை. ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தேன். அந்த ஊரில் பாதி இப்போது என்னைப்போல லண்டனில், ஹரோவில் இருக்கிறது.

வீட்டை வாங்க ஒருவர் மாத முடிவு வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். விற்றால்தான் பிளேஸ்டோவில் மகள் வீட்டுச் சின்ன அறையை விட்டு நான் வெளியேறலாம். மருமகன் நல்ல பிள்ளை, குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் அவர் ஹோலில் இருக்கும்வரை தேத்தண்ணி போடக்கூட நான் அறையை விட்டு வருவதில்லை. அறுபது வயதில் எனக்கென்று ஒரு குசினி கேட்பது பேராசையா?

கையெழுத்தை அத்தாட்சிப்படுத்த மகள் ஒன்லைனில் ஒரு நொத்தாரிசைக் கண்டுபிடித்தாள்.

"நீங்கள் இங்கை, அப்பா தன்ரை வீட்டிலை. பாஸ்போட்டைக் கமராவுக்குக் காட்டினாச் சரி. பத்து நிமிஷம், அம்மா."

எனக்கு நெஞ்சு லேசானது. அவர் முகம் திரையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் வரும். வேண்டாமென்றால் கையால் மறைத்துவிடலாம். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் விற்பனையைப் பார்க்கும் யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி போனில் அதைக் கெடுத்தார்.

"அக்கா, அது இங்கை எடுபடாது. கடதாசியிலை, மையாலை ஒப்பம் வேணும். ரெண்டு பேரும் ஒரே நொத்தாரிசுக்கு முன்னாலை இருந்து போடுங்கோ."

"வேறை வழி இல்லையோ?"

"புருஷன் பெண்சாதிதானே, ஒண்டாய்ப் போக என்ன கஷ்டம்?"

போனை வைத்துவிட்டு, மகளைக் கொண்டு அவள் அப்பாவுக்குச் சொல்லுவித்தேன்.

சனிக்கிழமை டூட்டிங்கில், ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது வேறொரு நொத்தாரிசின் அறை. அவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இரண்டு கதிரைகளை ஒட்டிப் போட்டிருந்தார். என் கணவர் எனக்கு முன்பே வந்து ஒன்றில் இருந்தார். சேர்ட்டை அயன் பண்ணியிருந்தார். என்னோடு இருந்த காலத்தில் அது என் வேலை.

"சுகமே?" என்றார்.

"ஓம்," என்று மேசையைப் பார்த்துச் சொன்னேன்.

நான் முதலில் ஒப்பம் வைத்தேன். பிறகு தாள் அவரிடம் போனது. இது விளங்குகிறதா, சொந்த விருப்பத்தோடுதான் சம்மதிக்கிறீர்களா என்று நொத்தாரிசு முறைப்படி கேட்டார். என் கணவர் யோசித்தார். அந்த மனிதர் யோசித்துப் பதில் சொன்னதை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. பேனையை மெதுவாக மேசையில் வைத்து, தனக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னார்.

நொத்தாரிசு உடனே தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மனமில்லாதவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று எனக்கே விளக்கம் வேறு. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

படியில் கணவரை மறித்தேன்.

"என்ன விளையாட்டு இது? வீடு வேணுமெண்டால் வாயைத் திறந்து கேளுங்கோ."

"எனக்கேன் அந்த வீடு?" கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். "ஒன்பது வருஷத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் பக்கத்திலை வந்து இருந்தனீர்."

எனக்கு இரக்கம் வரவில்லை. கையெழுத்துப் போட்டால் நான் போய்விடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

"அடுத்த சனிக்கிழமையும் வருவீரோ?"

மாதம் முடிய இரண்டு வாரம் இருந்தது.

"எத்தினை மணிக்கு?" என்று கேட்டேன்.