முதல் வலையும் மெதுவாக வந்த பந்தும்

மருமகன் தொலைக்காட்சியில் இங்கிலாந்து முதற்பிரிவு உதைபந்தாட்டம் பார்க்கிறபோது நான் அந்த அறைக்குள் போகக் கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. போட்டவள் என் மகள். காரணம் என் வாய். பந்தை ஒருவன் பின்னால் கொடுக்கிறான், பின்னால் நிற்கிறவன் பக்கத்தில் கொடுக்கிறான், பக்கத்தில் நிற்கிறவன் மறுபடியும் பின்னால் கொடுக்கிறான். கடைசியில் அது கோல் காப்பவனிடமே வந்து சேருகிறது, சந்தையில் விலைப்படாத மீன் வீட்டுக்குத் திரும்பி வருகிற மாதிரி. உதைக்கத்தானே பந்து, அதை ஏன் தாலாட்டுகிறார்கள் என்று கேட்டால் மருமகனுக்கு முகம் சுருங்கிவிடும். பாவம், நல்ல பிள்ளை. உலகத்திலேயே பெரிய ஆட்டம் இதுதான் மாமி என்று பொறுமையாக விளக்குவார். பெரிய ஆட்டம்தான், யார் இல்லை என்றது? பார்த்தால் எனக்கு நித்திரை வருகிறது, அவ்வளவுதான்.

அதே நான் அன்புவழிபுரத்துப் பொடியங்கள் பின்னேரத்தில் விளையாடுகிற வெளியைக் கடந்து போனால், கடைக்குப் போன காரியத்தையே மறந்து நின்றுவிடுவேன். எங்கள் ஊர்க் கழகங்களிலேயே கடைசிப் பிரிவில் கிடக்கிற கழகம் அவர்களுடையது. பந்து போகிற இடம் அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆனால் கோலைத் தவறவிட்டவன் மறுநாள் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க மாட்டான். அது எனக்குப் பிடிக்கும்.

ஒருநாள் மருமகன் கோபமில்லாமல் கேட்டார், பெரிய ஆட்டத்தின்மேல் உங்களுக்கு என்ன கோபம் மாமி என்று. வாயில் வந்த எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். உண்மையான பதிலைச் சொல்வதென்றால் வெள்ளைக்காரன் காலத்து யுத்தத்துக்கல்லவா போக வேண்டும்.

ஜப்பான்காரன் குண்டு போட்டதில் கந்தளாய்ப் பக்கம் ஓடிப்போயிருந்த சனம் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்திருந்த காலம். துறைமுகம் நிறையச் சாம்பல் நிறக் கப்பல்கள். அரிசி கூப்பனுக்குத்தான் கிடைக்கும். எனக்குக் கலியாணமான புதிது. இவர் (பெயர் சொல்லி அழைத்துப் பழக்கமில்லை, எழுதவும் வரவில்லை) என் மச்சான் முறை, சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். விடியற்காலையில் என்னைப் பெற்ற ஐயாவின் கரைவலையில் கயிறு இழுப்பார். பிறகு கப்பல் பழுதுபார்க்கிற டொக்யாட்டில் கப்பலுக்குப் பெயின்ற் அடிக்கப் போவார்.

கரைவலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோணியில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பது. முதலில் வலை போடுகிறவருக்குத்தான் மீன். இரண்டாவது வலைக்குக் கலங்கல் தண்ணீரும் பாசியும். முன்பு ஐயாவுக்கு ஒரு கரை இருந்தது, கிண்ணியாவிலிருந்து வருகிற முஸ்லிம் வலைக்காரருக்கு வேறொரு கரை இருந்தது. யுத்தம் வந்ததும் கடற்படை கரையில் பாதியை முள்ளுக்கம்பி போட்டு அடைத்துவிட்டது. மிஞ்சியது ஒரே துண்டுக் கரை, வலையோ இரண்டு. நாள்விட்டு நாள் என்று முறை வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் நாளில் மீன் வந்தது, மற்றவர் நாளில் வரவில்லை, இரண்டு மண்டை உடைந்தது. அதற்குப் பிறகுதான் யாரோ ஒரு புண்ணியவான், பந்து அடித்துத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றான்.

இப்படியாக ஞாயிறு பின்னேரம் கடற்கரையில் ஆட்டம். வென்றவருக்கு அந்த வாரம் முழுக்க முதல் வலை. சமமாக முடிந்தால் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கே அது. மணலில் நட்ட துடுப்புகள்தான் கோல் கம்பம். மணிக்கூடு யாரிடமும் இல்லை. பொழுதுபடுகிற நேரத்து மஃரிப் பாங்கு கேட்டால் ஆட்டம் முடிந்தது, கிண்ணியா ஆட்கள் தொழப் போய்விடுவார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம். பள்ளிவாசலில் ஒரு மனிதர் வாயால் சொல்கிற பாங்கு காற்றில் வந்து சேர வேண்டும். அவர்களில் வயதில் மூத்த ஒருவர் பள்ளிப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நிற்பார். அவர் கையைத் தூக்கினால் பந்து எங்கே நின்றாலும் நின்றதுதான். அவர் தன் ஆட்களுக்காகக் கையைப் பிந்தித் தூக்குகிறார், முந்தித் தூக்குகிறார் என்று ஒருநாளும் ஒருவரும் சொன்னதில்லை. ஐயாகூடச் சொன்னதில்லை. அவர் சொல்லாமல் விட்ட குற்றச்சாட்டு உலகத்தில் வேறொன்றும் கிடையாது.

பொழுது சாயச்சாய ஆட்டம் வெறி பிடிக்கும். எந்த நிமிடமும் கை எழும்பலாம். நான் கருவாடு காயப்போடும் பாயருகே நின்று கத்துவேன். காகம் வந்து கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போகும். அது போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

எங்கள் பக்கத்துக் கோலுக்கு இவர்தான் காவல். உயரமில்லை. ஆனால் பந்து வருகிற திசைக்கு, அது வருவதற்கு முன்பே விழுந்திருப்பார். கிண்ணியாப் பக்கத்தில் ஒருவர் இருந்தார். துறையில் ஆட்களை ஏற்றி இறக்குகிற தோணிக்காரர், வலை இழுத்து உரமேறிய கால். வெறும் காலால் அவர் அடிக்கிற பந்து வயிற்றில் பட்டால் மத்தியானம் தின்ற சோறு வெளியே வந்துவிடும். இவரும் அவரும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பந்து வந்துவிட்டால் மச்சானும் இல்லை, மாமனும் இல்லை.

இப்படி ஒரு ஆட்டம் சொந்தமாக இருக்கிற மனிதருக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் இவருக்கு ஆசை வேறு இடத்தில் இருந்தது.

கடற்படை மைதானத்தில் சனிக்கிழமைகளில் வெள்ளைக்காரர் ஆடுவார்கள். யுத்தத்துக்கு முன் இங்கிலாந்தில் முதற்பிரிவில் சம்பளத்துக்கு ஆடிய ஒருவர் அப்போது இங்கே ஒரு கப்பலில் இருந்தார். இவர் அந்த மனிதரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் குசினியில் கறி அடிப்பிடித்துவிடும். ஒருநாள் என்னையும் கூட்டிப் போனார். கயிற்றுக்கு வெளியே சனத்தோடு நின்று பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, அழகுதான். பந்து அந்த மனிதரின் காலில் வந்து படுத்துக்கொள்ளும். பார்க்காமலே அடிப்பார், பந்து சரியான ஆளிடம் போகும். வியர்வைகூட அழகாக வரும். ஆனால் பாதி ஆட்டத்துக்குப் பிறகு நான் மரத்தில் இருந்த குரங்கைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். முடிந்ததும் இரண்டு பக்கமும் தோளில் கை போட்டுக்கொண்டு குடிக்கப் போனார்கள். தோற்றவர் யார், வென்றவர் யார் என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. வென்றாலும் தோற்றாலும் கப்பலில் சாப்பாடு இருக்கிறது. எங்களுக்கு அப்படியா?

வரும் வழியில் இவரிடம் அதைச் சொன்னேன். உனக்கு ஆட்டம் விளங்காது என்று இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

பிறகு டொக்யாட் தொழிலாளர் அணிக்கும் கடற்படைக்கும் ஒரு ஆட்டம் வந்தது. தொழிலாளர் அணியின் கோல்காப்பாளருக்கு மலேரியாக் காய்ச்சல். இவரைக் கேட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை, சேர்ட்டைக்கூடக் கழற்றவில்லை. என்ன என்று கேட்டேன்.

"அந்த மனுசன் முழுப் பலத்தோட அடிக்கிற பந்து ஒண்டு," என்றார், "ஒண்டே ஒண்டு என்ர கையில படோணும். பிடிக்கேலாமப் போனாலும் காரியமில்லை. அது என்னண்டு இருக்கெண்டு தெரியோணும்."

ஐயாவுக்குத் தலையில் இடி. சனிக்கிழமை அங்கே ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை இங்கே முதல் வலை. சூடை மீன் கரைக்கு வருகிற வாரம் வேறு. கையை உடைத்துக்கொண்டு வந்தால் கோலில் யார் நிற்பது? இவரிடம் நேரே சொல்லக் கூச்சப்பட்டு என்னிடம் வந்தார். நீ சொன்னால் கேட்பான் என்றார். நான் சொல்ல மாட்டேன் என்றேன். கயிறும் பெயின்றும் தவிர வேறொன்றும் கேட்காத மனிதர், ஒரு பந்து கேட்கிறார், அதையும் மறிப்பதா என்றேன். ஐயா முணுமுணுத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை நான் நேரத்தோடு போய்க் கயிற்றோரம் இடம் பிடித்தேன். கிண்ணியாத் தோணிக்காரரும் வந்திருந்தார். எங்கள் ஆட்கள் வெறும் காலோடு இறங்கினார்கள், அவர்கள் சப்பாத்தோடு. பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகுது என்பார்களே, அதுதான். பந்தை இவர் இருக்கிற பக்கத்துக்கு அடித்தால்தானே இவர் பிடிப்பதற்கு? இவரை ஒரு பக்கம் இழுத்துவிட்டு மறுபக்கத்தால் கொண்டுபோய் வைத்தார்கள். கோல் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு பந்துகூட இவர் கையில் படவில்லை.

இரண்டாம் பாதியில் கயிற்றோரம் கதிரை போட்டு இருந்த அதிகாரி ஒருவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர்கள் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில்தான் அந்த முதற்பிரிவு மனிதர் பந்தோடு தனியாக வந்தார். முன்னால் இவரைத் தவிர ஒருவருமில்லை. இவர் குனிந்து, கையை விரித்து நின்றார். அந்த மனிதர் காலைத் தூக்கினார். பிறகு குழந்தைக்கு உருட்டிவிடுவதுபோல் பந்தை மெதுவாக இவர் கைக்குள் உருட்டிவிட்டார். கிட்ட வந்து தலையைத் தடவி, கையும் கொடுத்தார். அதிகாரிகள் கைதட்டினார்கள். எங்கள் சனம் அதைவிடப் பலமாகத் தட்டியது. வெள்ளைக்காரன் கை கொடுத்துவிட்டான் என்று எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள் துள்ளினார்கள்.

இவர் பந்தைப் பிடித்தபடியே நின்றார். அதை உதைக்க வேண்டும் என்பதே மறந்துபோனதுபோல் நின்றார். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அந்த மனிதர் கெட்டவர் இல்லை, நல்ல மனதோடுதான் செய்தார். அதுதான் இன்னும் எரிந்தது.

வீட்டுக்கு வந்து விளக்கு ஏற்றும் முன்பே என்னிடம் இரண்டு கையையும் நீட்டினார். "பார். ஒரு கீறல் இல்லை," என்றார். "எனக்கெண்டு மெதுவா அடிச்சவன்." ஐயாவோ கையைத் தொட்டுப் பார்த்து, அந்த வெள்ளைக்காரன் நல்லாயிருக்க வேண்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

மறுநாள் காலை இவர், பின்னேர ஆட்டத்துக்குத் தான் வரவில்லை, தனக்கு ஏலாது, வேறு யாரையாவது நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டார். காய்ச்சலா என்று கேட்டால் இல்லை. கோபமா என்று கேட்டால் இல்லை. இனி எந்தக் கோலிலும் நிற்பதில்லையாம். ஐயா கெஞ்சினார், பிறகு கத்தினார். நானும் என் பங்குக்கு இரண்டு ஏச்சு ஏசினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மனதுக்குள் எனக்குப் பயம். முதல் வலை போனால் போகட்டும், ஆள் இப்படியே கிடந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

வெயில் இறங்குகிற நேரம் வேலிப் படலையில் கிண்ணியாத் தோணிக்காரர் நின்றார். செய்தி அவர்கள் பக்கமும் போயிருக்கிறது. இவர் நிற்காவிட்டால் அவர்களுக்கு நல்லதுதானே, எதற்கு வந்தார் என்று நினைத்தேன். உள்ளே வந்து, பாயில் இருக்காமல், நின்றபடியே கதைத்தார்.

"மச்சான், நேத்து நானும் பாத்தன்," என்றார். "அது போகட்டும். நீ நிக்காட்டி நான் ஆருக்கு அடிக்கிற?"

இவர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். "நீயும் மெதுவா அடிப்பியோ?"

"முதல் வலை கிடக்கு மச்சான்," என்றார் அவர். "மெதுவா அடிச்சா என்ட ஊட்டுல சோறு வேகாது."

இவர் எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டினார்.

அன்றைய ஆட்டத்தைப்போல் இன்னொன்றை நான் வாழ்நாளில் பார்க்கவில்லை. எத்தனை பிரிவு வைத்து எத்தனை மைதானம் கட்டினாலும் பார்க்கப் போவதுமில்லை. முதல் வலை அந்த வாரம் எங்களிடம் இருந்தது, ஆகவே சமமாக முடிந்தாலே எங்களுக்குப் போதும். அவர்களுக்கு ஒரு கோல் வேண்டும். மணல் பறந்தது. ஐயா தொண்டை கட்டிப்போய்க் கையால் பேசினார். கடல் கறுத்துக்கொண்டு வந்தது. பாங்குக்குக் காது கொடுத்து நிற்கிறவரைப் பாதிச் சனம் பார்த்தது, பந்தைப் பாதிச் சனம் பார்த்தது. அவர் தலையைச் சரித்தார். அந்த நேரத்தில் பந்து தோணிக்காரரின் காலுக்கு வந்தது.

அடித்தார். முழுப் பலத்தோடு அடித்தார். இவர் பாய்ந்தார், கை பட்டது, பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. பந்து கையை மடக்கிக்கொண்டு துடுப்புகளுக்குள் போய் விழுந்தது. பிறகுதான் பெரியவரின் கை எழும்பியது.

தோற்றோம். முதல் வலை போனது, அந்த வாரத்துச் சூடையும் போனது. ஐயா மணலில் குந்திவிட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். இவரது சுண்டுவிரல் வேறொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. கை வீங்கத் தொடங்கியிருந்தது. தோணிக்காரர் தொழப் போகிற அவசரத்திலும் வந்து எட்டிப் பார்த்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

மஞ்சளும் நல்லெண்ணெயும் வைத்துத் துணி சுற்றிக்கொண்டிருந்தபோது, நோகுதா என்று கேட்டேன். கேட்ட எனக்கே அழுகை வந்தது.

"ஓம்," என்றார். "நல்லா நோகுது."

கலியாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.