காயப்போட்ட மீன்தொட்டி

எண்பதுகளில் பெரம்பலூர் வீட்டில் நான் வளர்த்த பதினோரு மீன்களில் பத்து, ஒரே வாரத்தில் செத்தன. உப்பைத் தூவியதுபோல் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி.

"பூச்சி விழுந்திருக்கு சார். தொட்டியை ஒரு மாசம் காயப்போட்டுட்டு வாங்க" என்றார் திருச்சியில் மீன் விற்றவர்.

கண்ணாடித் தொட்டியைக் கல்லுப்புப் போட்டுத் தேய்த்தேன். கூழாங்கற்களை மாடி வெயிலில் பரப்பினேன். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை, அதுதான் கொடுமை. ஆபீஸிலிருந்து வந்ததும் காலித் தொட்டியையே துடைத்துக்கொண்டிருப்பேன். காலண்டரில் தாள் கிழிக்கும் வேலையைக்கூட மனைவிக்கு விடவில்லை.

மாதம் முடிந்த மறுநாளே பஸ் ஏறினேன். பிளாஸ்டிக் பையில் ஆறு மீன்கள், வழியெல்லாம் என் மடியில். அப்போதுதான் இறைத்த தண்ணீர் மீனுக்கு ஆகாது என்று, கொல்லையில் சிமெண்டுத் தொட்டியில் பல நாளாக நின்ற கிணற்றுத் தண்ணீரை மொண்டு நிரப்பினேன்.

சில நாளில் ஒன்றின் வாலில் வெள்ளைப் புள்ளி.

"சீக்கு மீனை என் தலையில கட்டிட்டான்! இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன்" என்று சட்டையை மாட்டினேன்.

மனைவி வாசலில் நின்றாள். "போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்குப் பொழச்சுக் கெடந்த ஒத்த மீனை, கொசுப்புழு திங்கட்டும்னு எதுல விட்டீங்க?"

கொல்லைக்குப் போனேன். சிமெண்டுத் தொட்டியில், உடம்பெல்லாம் புள்ளியோடு, அது கொசுப்புழுவைத் துரத்திக்கொண்டிருந்தது.