தவராசா அண்ணன் கழற்றாமல் போன ஐந்து பில்டர்கள்

நாவற்குடாவில் பஸ்ஸுக்கு நின்றபோது தகவல் வந்தது. எங்கள் ஆய்வுகூடத்தின் தொழினுட்ப உத்தியோகத்தர் தவராசா அண்ணன் நெஞ்சு வலியால் காலமாகிவிட்டார். வந்த பஸ்ஸில் ஏறாமல் நின்றேன். அன்று இருவருமாகக் களுதாவளைக்கு அப்பால் ஒரு கிராமத்துக்குப் போவதாக இருந்தோம்.

எங்கள் வீட்டில் கம்பஸுக்குப் போன முதல் ஆள் நான். ஆய்வு உதவியாளராகச் சேர்ந்த புதிதில் யாரோடும் பேசமாட்டேன். அண்ணன்தான் ஒருநாள், "பேசாட்டிப் பரவாயில்ல புள்ள. இந்தக் கண்ணாடியப் புடிங்க, கை ஆடாத ஆள்தான் எனக்கு வேணும்" என்றார்.

கண்ணாடித் தட்டில் பிசின் போன்ற கரைசலைப் பரப்பித் தண்ணீருக்குள் இறக்கினால் அது வெளுத்து மென்சவ்வாகும். பிறகு அதில் நைத்திரேற்றைப் பிடித்துவைக்கும் இரசாயனத்தை ஏற்றுவோம். அவர் ஊற்றியதில் ஒரு குமிழியும் இராது. "தும்மல் வந்தா வெளியில ஓடுங்க" என்பார்.

கரையோரத் தோட்டக் கிராமங்களில் போடும் உரத்திலுள்ள நைத்திரேற்று மணலுக்குள்ளால் கிணற்றுக்கு இறங்குகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கொதிக்கவைத்தாலும் போகாது. பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்து. முப்பது வீடுகளில் அண்ணன் தம் கையால் இந்த மென்சவ்வு வைத்த பில்டர் பூட்டினார். ஒவ்வொரு வீட்டிலும் முதல் கிளாஸைத் தாமே குடித்துவிட்டு, "பயமில்லாமக் குடிங்க, நான் பொறுப்பு" என்றார்.

ஒரு வருடத்தில் திட்டம் நின்றது. மாற்றுவதற்குப் புது மென்சவ்வு இல்லை. நிறைந்துபோன மென்சவ்வு எதையும் பிடிக்காது. சில வேளை முன்பு பிடித்ததையும் தண்ணீரில் விட்டுவிடும். அதைக் காட்டிய சோதனை முடிவை அவரிடம் நீட்டியது நான்தான். இரண்டு தரம் வாசித்தார்.

"கிணத்துத் தண்ணிய விட மோசமா?"

தலையாட்டினேன்.

"அப்ப, பூட்டினவன்தான் கழட்டணும்" என்றார்.

சனிக்கிழமைகளில் போனோம். சனம் விடவில்லை. தண்ணீர் பளிங்கு போலத்தானே வந்துகொண்டிருந்தது! ஒரு வீட்டில் தங்கேஸ்வரி அக்கா பக்கத்து வளவுக்கும் கேட்கும்படி, "குடுத்தத திருப்பி எடுக்க வந்திரிக்காருகா! வேற ஊருக்குக் குடுக்கப் போறாராக்கும்" என்றார்.

"ஓம் அக்கா, களவெடுக்கத்தான் வந்தன். முதல்ல நாயக் கட்டுங்க, மறுகா பேசுவம்" என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். பில்டரைத் தொட விடவில்லை. திரும்பும் வழியில் அண்ணன், "நம்ப வெக்கிறது லேசா இரிந்திச்சு புள்ள" என்று மட்டும் சொன்னார். பிறகும் போனார், ஏச்சு வாங்கினார், ஒவ்வொன்றாகக் கழற்றினார். அவர் இறந்தபோது ஐந்து வீடுகள் மிச்சம்.

அண்ணனின் எட்டாம் நாள் சடங்கு முடிந்து நான் தனியே போனேன். சொல்ல வேண்டியதை பஸ்ஸுக்குள் மனப்பாடம் செய்துகொண்டேன். தங்கேஸ்வரி அக்கா பில்டரைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்.

"அந்த மனிசன ஏசிப்போட்டன் மகள். இனி ஆர் கேட்டாலும் குடுக்கமாட்டன். அவர்ட ஞாபகம் இது ஒண்டுதான் இரிக்கு."

மனப்பாடம் செய்ததில் பாதியைச் சொல்வதற்குள் அவர் அழத் தொடங்கிவிட்டார். மற்ற நான்கு வீடுகளிலும் அதே மரியாதை, அதே மறுப்பு. பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லியிருக்கிறேன். போய்ப் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார்.

அண்ணனைப் பற்றி நல்லதை எழுத எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் நல்லவர் என்பதால்தான் அந்தத் தண்ணீரை இன்னும் குடிக்கிறார்கள். அந்த ஐந்து வீட்டில் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து கழற்றிவிடுங்கள். அவர் கடைசியாக உங்களிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

அன்று தங்கேஸ்வரி அக்கா வீட்டிலிருந்து நான் புறப்படும்போது அவருடைய மகள் பால் போத்தலோடு பில்டர் குழாயைத் திறந்தாள். பிள்ளை பிறந்து பத்து நாள்கூட இராது. "பிள்ளைக்கு வேற தண்ணி எடுங்க" என்றேன், என்னால் முடிந்த அளவு சத்தமாக.

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "அண்ணன்ட தண்ணிய விட நல்ல தண்ணி எங்க இரிக்கு அக்கா?"

போய்வாருங்கள் அண்ணே. நாளைக்கும் போவேன். அவர்கள் நம்புவது உங்களைத்தான், என்னை அல்ல.